பதிமூன்றாவது தட்டு

"தட்டு எத்தனை?" என்று கேட்டார் பாத்திரக் கடை தேவராஜன்.

"பன்னெண்டு," என்றான் முனிகிருஷ்ணன்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி ரத்னா இடுப்பில் அணைத்திருந்த துணிப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். பைக்குள் இருந்தது அரிசி. பாத்திரம் வாங்க வருகிறவள் அரிசியோடு ஏன் வருகிறாள் என்று கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறும்போதே கேட்டான். "தட்டிப் பாக்க மட்டுமா பாத்திரம்? கொட்டிப் பாக்கவும்தான்," என்றாள். விட்டுவிட்டான்.

1974, ஜனவரி முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை. திருவள்ளூர் பஜார்.

முனிகிருஷ்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் குழாய்க் கம்பெனியில் ஃபிட்டர். அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு மலைக் கோஷ்டி உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை நாகலாபுரம் மலைக்காட்டில் மூன்று நாள். கோஷ்டிக்கு முனிகிருஷ்ணன்தான் செக்ரடரி. போன வருஷம் இரவல் வாங்கிப்போன அண்டாவில் பழைய மீன் வாடை. டைம் ஆபீஸ் குமாஸ்தா எம்பார் திருவள்ளூர் வைஷ்ணவர். மூன்று நாளும் வாழைப்பழத்திலேயே உயிர் வாழ்ந்தார். போதாததற்கு அந்த அண்டா வெல்டர் மோசஸின் தோளிலிருந்து நழுவிப் பள்ளத்தில் உருண்டு, ஏழு இடத்தில் ஒடுங்கியது. மானேஜர் மனமிரங்கினார். புதிய சமையல் செட் வாங்க உத்தரவு.

"எனக்கு ஸ்குரூவும் நட்டும்தான் தெரியும். நீ வந்து பாத்துக் குடு ரத்னா," என்று முனிகிருஷ்ணன் கூப்பிட்டபோது அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ மின்னிப் போயிற்று. அவன் கவனிக்கவில்லை.

தேவராஜன் கடையின் உள்ளேயிருந்து ஒரு சாக்கைத் தூக்கிவந்தார். "பட்டாள செட்டு சார். ஏலத்துல வந்தது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள ஒண்ணு. கைப்பிடியெல்லாம் மடங்கிடும்."

ஐந்து பாத்திரமும் ஒரே பாத்திரமாக அடங்கின. முனிகிருஷ்ணன் மயங்கிப் போனான். "ஃபிட்டிங்க பாத்தியா? மயிரிழை கேப்பு இல்ல!"

"அதான் பேஜாரு," என்றாள் ரத்னா.

"இன்னா பேஜாரு?"

"வெறகு அடுப்புல வச்சா கரி புடிக்கும். கரி புடிச்சா ஒண்ணுக்குள்ள ஒண்ணு எப்டிப் போவும்? இடிச்சு உள்ள போட்டா எப்டி வெளிய வரும்?"

தெருவில் இறங்கினாள். மூன்று செங்கல் துண்டைப் பொறுக்கி அடுப்பாக வைத்தாள். பட்டாளப் பாத்திரத்தில் பாதிவரை தண்ணீர் ஊற்றி மேலே ஏற்றினாள். ஒரே ஒரு விரலால் தள்ளினாள்.

பாத்திரம் கவிழ்ந்தது. தண்ணீர் அத்தனையும் எம்பாரின் வேஷ்டியில்.

"ஐயோ! ஸ்நானம் பண்ணிட்டுத்தாம்மா வந்தேன்!" என்று துள்ளினார் எம்பார். கடையில் கழிவு பேசித் தருவதற்காக வந்திருந்தார் மனிதர்.

"மன்னிச்சுக்குங்க சார். காட்டுல மூணு கல்லும் ஒரே ஒசரத்துல கெடைக்காது பாருங்க. அடி சின்னதா இருந்தா சோறு மண்ணுக்குத்தான்."

பிறகு அரை மணி நேரம் அவள் ராஜ்ஜியம். பித்தளை வேண்டாம், கனம். எவர்சில்வர் வேண்டாம், அடி பிடிக்கும். அலுமினியக் குண்டான்களை வரிசையாக நிறுத்தி விரலால் சுண்டினாள். 'கிண்'ணென்று கத்தியதெல்லாம் மெல்லிசு, ஒதுக்கினாள். 'தொம்'மென்று கனமாகப் பேசியவை மூன்று. அடி அகலம், விளிம்பு மடித்தது. சோற்றுக்குப் பெரியது, குழம்புக்கு நடுத்தரம், வெந்நீருக்குச் சின்னது. ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் நடுவே கோணித்துணி போடும் அளவுக்கு இடம் இருந்தது. மூடிகள் தட்டையானவை, காய் நறுக்க, பரிமாற உதவும்.

"அலுமினியத்துல புளி விட்டா கறுக்குமோன்னோ?" என்றார் எம்பார், வேஷ்டியைப் பிழிந்துகொண்டே.

"கொழம்பு கொதிச்சதும் தட்டுக்குப் போயிட்டா கறுக்காது சார். ராத்திரி பூரா ஊறப்போட்டாத்தான். உங்க மோசஸு இருக்கசொல்ல கொழம்பு எங்க ஊறப்போவுது?"

எம்பார் சிரித்துவிட்டார்.

"சரி மாமா," என்று புருஷனிடம் திரும்பினாள். அவள் அவனுக்குச் சொந்த அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் மாமாதான். "பேர் வெட்ட நேரம் ஆவும். நீயும் சாரும் போய் நாஷ்டா துன்னுட்டு வாங்க."

இருவரும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பியதும் தேவராஜனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அண்ணே, தட்டு பதிமூணு."

அந்தப் பதிமூன்றாவது தட்டு யாருக்கு? வேறு யாருக்கு? அவளுக்குத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாள். "மலைக்கு நானும் வரட்டா மாமா?"

முனிகிருஷ்ணன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "நீ வந்தா பன்னெண்டு பேருக்கு வடிச்சிக் கொட்டிக்கினே இருப்பே. மலைய நிமிந்துகூடப் பாக்க மாட்டே. ஊட்லயே நிம்மதியா இரு."

அவன் சொன்னது உண்மை. போனால் அப்படித்தான் நடக்கும். ரத்னா ஒன்றை ஒருமுறைதான் கேட்பாள். மறுமுறை கேட்கிற பழக்கம் பிறவியிலேயே கிடையாது.

ஆனால் ஆசை போகவில்லை. அவள் பழவேற்காட்டு ஏரியில் பிறந்தவள். அப்பா படகில் கம்பு ஊன்றிக்கொண்டு வளர்ந்தவள். மேற்கே, வானத்தின் அடியில், எப்போதும் ஒரு மலை நிற்கும். காளைத் திமில் என்று அதற்குக் குப்பத்தில் பேர். திமில் பனைமரத்துக்கு நேராக வந்தால் முகத்துவாரம். இடப்பக்கம் விலகினால் சேறு. அப்பா அந்தத் திமிலைப் பார்த்துத்தான் வீடு திரும்புவார். அத்தனை வருஷமும் தண்ணீரில் உட்கார்ந்து மலையைப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு நாள் மலையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

முனிகிருஷ்ணன் வருஷா வருஷம் அங்கே ஏறுகிறான். வந்து சொல்கிறான்: "காலையில வெயில் வர்றசொல்ல நம்ம ஏரி தெரியுது ரத்னா. பளபளன்னு."

அப்பா படகில் சமைத்தது ஆண்கள்தான். கணக்குத் தெரியாத ஆண்கள். அதனால் அப்பா குண்டானின் உள்பக்கம் ஆணியால் இரண்டு புள்ளி அடித்திருந்தார். கீழ்ப்புள்ளிவரை அரிசி, மேல்புள்ளிவரை தண்ணீர். யார் ஆக்கினாலும் சோறு தப்பியதில்லை. இந்த ஞாபகம் வந்த அன்றுதான் ரத்னாவுக்கு வழி பிறந்தது. ஆண்களே ஆக்கிக்கொள்ளும் செட் ஒன்று இருந்துவிட்டால், அவள் போனால் என்ன?

கடையோரத்தில் சின்ன உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்தார் பேர் வெட்டும் திருமலை. ரத்னா பெரிய குண்டானை அவர் முன்னால் வைத்தாள். வீட்டிலேயே அளந்து கட்டிவந்த அரிசியை அதில் கொட்டிச் சமப்படுத்தினாள்.

"இங்க ஒரு கோடு வெட்டுங்கண்ணே. உள்பக்கமா."

"உள்பக்கமா? குண்டானுக்கு உள்ள எவன்மா பேரைப் படிக்கப்போறான்?"

"படிக்கிறதுக்கு இல்ல. அளக்கிறதுக்கு."

அரிசிமேல் விரலை ஊன்றி, தண்ணீர் எந்தக் கணுவுக்கு வரவேண்டுமோ அங்கே இன்னொரு கோடு. பன்னிரண்டு தட்டுக்குப் பன்னிரண்டு பேர்: எம்பார், மோசஸ், முனிகிருஷ்ணன் என்று வரிசையாகப் புள்ளி புள்ளியாக வெட்டினார். பதிமூன்றாவது தட்டைக் கையில் எடுத்தார்.

"இதுல இன்னா பேரு?"

ரத்னா யோசித்தாள். வீட்டில் இருக்கிற பாத்திரமெல்லாம் கொடுத்தவர்கள் பேரைத்தான் சுமந்துகொண்டிருந்தன. அப்பா பேர் குடத்தில். மாமனார் பேர் அண்டாவில். சித்தப்பா பேர் சொம்பில்.

"ரத்னா," என்றாள். "வெறும் ரத்னா."

முனிகிருஷ்ணனும் எம்பாரும் வெற்றிலை மென்றுகொண்டு வந்தபோது பன்னிரண்டு தட்டுகள் அடுக்கி இருந்தன. பதிமூன்றாவது அரிசிப்பையின் அடியில்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. கம்பெனி மைதானத்தில் ஒத்திகை.

இதற்கிடையில் ரத்னா மாலை மாலையாக உட்கார்ந்து நைலான் கயிற்றில் ஒரு வலைப்பை முடிந்திருந்தாள். மீன்வலை முடிச்சு. மூன்று குண்டான், மூடி, தட்டு எல்லாம் அதில் அடங்கும். இரண்டு காது, நடுவே மூங்கில் நுழைத்து இரண்டு பேர் தோளில் தூக்கலாம்.

"இந்த வருசம் அண்டா என் தோள்லேர்ந்து உருளாது," என்றான் மோசஸ். "உருண்டா நான்தான் உருளணும்."

அன்று ரத்னா கரண்டியைத் தொடவில்லை. தள்ளி ஒரு குழாய் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள். "கீழ்க்கோடு அரிசி, மேல்கோடு தண்ணி. அவ்ளோதான். கரண்டிய உட்டுக் கிண்டாதீங்க."

பன்னிரண்டு ஆண்கள் ஒரு குண்டானைச் சுற்றி நின்றார்கள். பத்துப் பேர் ஊதினார்கள். எம்பார் ஆசாரியர் மாதிரி மேற்பார்வை பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் மூடியைத் திறந்தால், பூ மாதிரி சோறு!

"அண்ணி தொடாமலே சோறு வெந்துடுச்சுடா!" என்று கூத்தாடினான் மோசஸ். "என் பொண்டாட்டி ஆரோக்கியமேரிக்குத் தெரிஞ்சா என்னையும் உள்பக்கமா கோடு போட்டு வச்சிருவா!"

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். குண்டானின் அடியில் ஒரு ஆள் சோறு மிச்சம் இருந்தது.

முனிகிருஷ்ணன் எட்டிப் பார்த்தான். புருவம் சுருங்கிற்று. "கோடு தப்பா இருக்குதே. ஒரு ஆளுக்கு ஜாஸ்தி."

"கோடு சரிதான்," என்றாள் ரத்னா. மிச்சச் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

நல்ல தருணம் அது. சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் முனிகிருஷ்ணன் அவளருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், ஆசையாகச் சொன்னான்:

"எல்லாத்தையும் நீயே முடிச்சுக் குடுத்துட்டே. இனிமே உனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. மூணு நாளு ஊட்ல காலை நீட்டிப் படு."

ரத்னா கை கழுவ எழுந்தாள். அவள் போட்ட திட்டம் பலித்துவிட்டது. பலித்ததே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. சமைக்க அவள் வேண்டாம் என்று ஆயிற்று. அவளே வேண்டாம் என்றும் ஆகிவிட்டதா?

வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிந்தால் புறப்பாடு. சனிக்கிழமை குடியரசு தினம், அதற்கடுத்து ஞாயிறு. வெள்ளிக்கு எல்லோரும் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

முனிகிருஷ்ணன் ஒத்திகைக்குப் பிறகு அவரவர் கொண்டுபோயிருந்த தட்டுகளை வாங்கி வந்து, பன்னிரண்டையும் வலைப்பையில் போட்டான். கைகால் கழுவினான். பிறகு கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். பெரிய குண்டானை மடியில் கவிழ்த்து, நிமிர்த்தி, உயரம் பார்த்து, சுற்றளவு பார்த்து, சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டான்.

"நான் சொல்லல?" என்றான் வெற்றியாக. "கரெக்டா ஒரு ஆளு ஜாஸ்தி. அந்தப் பேர் வெட்டுறவன் கோட்டை மேல வெட்டிட்டான். எங்க ஷாப்புல கோடு இவ்ளோ தப்பினா பீஸைத் தூக்கிக் கடாசிடுவாங்க."

"இருந்துட்டுப் போவட்டும் மாமா."

"எப்டி இருக்கிறது? மூணு நாளைக்கு ஒரு ஆள் அரிசிய சும்மா தூக்கணும். மிச்ச சோத்த வெளிய கொட்டினா காட்டுப்பன்னி வரும். போன வருசம் மோசஸு மரத்து மேல ஒக்காந்து 'ஏசுவே'ன்னு கத்தினது மறந்துட்டியா? இரு, அஞ்சு நிமிசத்துல திருத்திடறேன்."

ஒரு கையில் பன்ச் உளி. ஒரு கையில் சுத்தி. பழைய கோட்டை அடித்து மழுப்பிவிட்டு, கீழே புதுக் கோடு. பன்னிரண்டு பேருக்குச் சரியாக.

சுத்தி மேலே போயிற்று.

ரத்னா பார்த்தாள். அவன் அடிக்கப்போவது கோட்டை இல்லை. அந்தக் குண்டானில் அவளுக்கென்று இருந்த இடத்தை. இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

"அடிக்காதே மாமா!"

அந்தக் குரலில் சுத்தி அந்தரத்தில் நின்றது.

"கோடு தப்பில்ல. அது பதிமூணு பேருக்கு."

"பதிமூணா? நாங்க பன்னெண்டு பேருதானே. பதிமூணாவது ஆரு?"

ரத்னா உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துவந்தாள். வலைப்பையின் வாயை விரித்து, உள்ளே போட்டாள்.

தட்டுமேல் தட்டு விழுந்த சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது.

அந்தச் சத்தத்தின் அர்த்தம் முனிகிருஷ்ணனுக்குத் தெரியும். அவனும் அதே குப்பத்தில் பிறந்தவன்தான். நாள்கணக்கில் தண்ணீரிலேயே தங்கி மீன் பிடிக்கத் தங்கல் போகிற படகில், புறப்பாட்டுக்கு முந்தின சாயங்காலம் ஒரு கூடை வைப்பார்கள். வருகிறவன் தன் தட்டைக் கொண்டுவந்து அதில் போட வேண்டும். தட்டு விழுந்தவனை விட்டுவிட்டுப் படகு போகக்கூடாது. சண்டைக்காரனாக இருந்தாலும் சரி, காய்ச்சல்காரனாக இருந்தாலும் சரி. விட்டுப் போனால் அந்த வருஷம் வலையில் ஒன்றும் நிற்காது என்பார்கள். அந்தக் கூடையில் பெண்ணின் தட்டு விழுந்து யாரும் பார்த்ததில்லை. விழக்கூடாது என்று யாரும் சொன்னதாகவும் அவனுக்கு நினைவில்லை.

சுத்தியைக் கீழே வைத்தான். வலைப்பைக்குள் கைவிட்டு அந்தத் தட்டை வெளியே எடுத்தான்.

ரத்னா வலைப்பையின் வாயை விட்டுவிட்டாள். எடுத்துவிட்டான். போயிற்று.

அவன் தட்டை மாலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். புள்ளிகளின்மேல் கட்டைவிரலை ஓட்டினான்.

"எப்ப வெட்டினே?"

"நீ நாஷ்டா துன்னப்போ."

"அப்போ அன்னிக்கே அரிசிய பதிமூணு பேருக்கு அளந்து கட்டிக்கினு வந்துட்டே."

"ம்."

"வாயைத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல?"

"ரெண்டு வருசம் முன்னாடி கேட்டேனே."

முனிகிருஷ்ணன் தட்டிலிருந்த பேரை மறுபடி விரலால் தடவினான்.

"நீ சும்மா இருக்க மாட்டியே ரத்னா. கரண்டியத் தூக்கிக்கினு அடுப்பாண்ட நின்னுடுவே."

"தொட மாட்டேன். ஒத்திகையில தொட்டேனா? நீங்க ஆக்குங்க. நான் பாறை மேல ஒக்காந்து ஏரியப் பாக்கணும். அதுக்குத்தான் இந்தக் கோடு, இந்த செட்டு, எல்லாமும்."

"நம்ம பசங்கள ஆரு பாத்துப்பாங்க?"

"தாயாரக்காகிட்ட நேத்தே சொல்லிட்டேன். நீ இல்லன்னு சொன்னாலும் சும்மா வந்து படுத்துக்கறேன்னுச்சு."

"ஓஹோ! எங்கக்காவும் உன் கட்சிதானா?" அவன் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. அந்தப் பழைய சிரிப்பு இல்லை. இதில் கொஞ்சம் வெட்கம் கலந்திருந்தது. மற்ற தட்டுகளைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, அவற்றுக்கு மேலே அவள் தட்டை வைத்தான்.

"மேலயா?" என்றாள் ரத்னா. "அடியில போடேன். காலையிலேயே எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். அடியில போட்டா திருட்டுத்தனமா வர்ற மாதிரி இருக்கும். நீ இன்னா திருடியா?"

ரத்னா உள்ளே போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான்.

காலையில் பஸ் நிலையத்தில் எம்பார்தான் முதலில் பார்த்தார். மேல்தட்டின் பேரை வாசித்தார். ரத்னாவைப் பார்த்தார். காலில் மாமாவின் பழைய கான்வாஸ் ஷூ, இழுத்துச் செருகிய புடவை, தோளில் அரிசி மூட்டை.

"காட்டு வழிம்மா. முள்ளு, அட்டை எல்லாம் இருக்குமே..." என்று இழுத்தார்.

"முள்ளு எனக்குப் பழக்கம் சார். மீன்லயும் அதான் இருக்குது."

"இந்த மூணு நாளும் மீன் பேச்சே எடுக்கப்படாது!" என்று எம்பார் காதைப் பொத்திக்கொண்டார். அதற்குப்பிறகு ஆட்சேபணை எதுவும் வரவில்லை. மோசஸ் மட்டும், "பதிமூணு ராசியில்லாத நம்பராச்சே," என்று ஆரம்பித்தான். எல்லோரும் முறைத்ததும், "ஆனா அண்ணி ராசிக்காரங்க," என்று முடித்தான்.

சனிக்கிழமை காலை. மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வழுக்குப் பாறை. ரத்னா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு. வழியில் இரண்டு இடத்தில் முனிகிருஷ்ணன் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் அவள் அவனைத் தூக்கினாள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கீழே மூன்று கல் அடுப்பு புகைந்தது. பத்துப் பேர் ஊதினார்கள். "மேல்கோடு! மேல்கோடுடா!" என்று யாரோ கத்தினார்கள். அவளுக்குக் கை அரித்தது. கையை மடியில் அழுத்திவைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறிற்று. பனி மெதுவாகக் கலைந்தது. வயல்கள் தெரிந்தன. பனைகள் தெரிந்தன. அதற்கும் அப்பால், வானத்துக்கு ஓரம் கட்டின மாதிரி, நீளமாக, மெல்லிசாக ஒரு வெளிச்சம்.

ஏரி.

இவ்வளவு சின்னதா? ஒரு நாள் முழுக்கக் கம்பு ஊன்றினாலும் அக்கரை வராத ஏரி, அவள் கட்டைவிரலுக்குள் அடங்கிற்று. ஒரு கண்ணை மூடி விரலை நீட்டிப் பார்த்தாள். குப்பம் தெரியவில்லை. படகு எதுவும் தெரியவில்லை. ஆனால் அங்கே ஏதோ ஒரு படகிலிருந்து யாரோ ஒருவர் இந்த நிமிஷம் இந்தப் பாறையைப் பார்த்துத்தான் கம்பைத் திருப்பிக்கொண்டிருப்பார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

முனிகிருஷ்ணன் இரண்டு தட்டோடு ஏறிவந்தான். அவள் தட்டை அவளிடம் கொடுத்தான். சோறு, பருப்பு, பக்கத்தில் கொஞ்சம் கருகின அப்பளம்.

"அப்பளத்துக்குக் கோடு இல்ல," என்றான் குற்றவாளி போல.

அவள் சிரித்தாள். கண் மட்டும் தண்ணீர்ப் பக்கமே இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஐந்தாறு வருஷமாக ஏறுகிறான்; உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

"உங்கப்பாவுக்கு இப்ப நாம தெரிவோமா?"

"நாம தெரிய மாட்டோம். திமிலு தெரியும்." ஒரு வாய்ச் சோற்றை உருட்டினாள். "எத்தினி தபா இதப் பாத்து ஊட்டுக்கு வந்திருப்பாரு. நம்ம பொண்ணு மேல ஒக்காந்துக்கினு இருக்குதுன்னு இன்னிக்கு நெனைப்பாரா?"

"நாளைக்கழிச்சுப் போயி சொல்லிட்டு வருவோம்."

கீழேயிருந்து மோசஸின் குரல் மலையெல்லாம் எதிரொலித்தது. "அண்ணே! குண்டான் காலி! ஒரு பருக்கை மிச்சமில்ல! கோடு கரெக்டு!"

முனிகிருஷ்ணன் பாறை விளிம்புக்கு எழுந்து போய்க் கையைக் குவித்துக் கத்தினான்.

"கோடு மொதல்லேர்ந்தே கரெக்டுடா! கணக்குப் போட்டவன்தான் தப்பு!"